கஞ்சிக்கு வழி

ஷாம் ஷூய் போவில் நான் குடியிருந்த கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. ஆறு மாடி இறங்கி இடது பக்கம் திரும்பி, நடைபாதையில் பழைய சார்ஜர்களையும் ரிமோட்டுகளையும் குவித்து வைத்து விற்கும் பெரியவரைத் தாண்டினால் அந்தக் கடை வரும். எட்டு மேஜை, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சுவர், வாசலிலேயே அடுப்பு. காலை ஆறரைக்கெல்லாம் அரிசி வேகும் ஆவி நடைபாதை வரைக்கும் வந்து நிற்கும். ஹாங்காங்கில் ஐந்து வருடம் இருந்தேன். அந்த ஊரில் உனக்கு நன்றாகத் தெரிந்த இடம் எது என்று கேட்டால் நான் வேலை பார்த்த முப்பத்தோராவது மாடியைச் சொல்ல மாட்டேன். இந்தக் கடையைத்தான் சொல்வேன்.

2023 நவம்பரில் வேலை போனது. பதினைந்து நிமிட வீடியோ மீட்டிங். முதல் ஐந்து நிமிடம் நன்றி, அடுத்த ஐந்து நிமிடம் கம்பெனியின் நிலைமை, கடைசி ஐந்து நிமிடம் லேப்டாப்பை எங்கே ஒப்படைக்க வேண்டும் என்ற விவரம். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். எனக்கு ஒரு கேள்வியும் தோன்றவில்லை. அன்று இரவு பத்து மணிக்கு ப்ரொடக்‌ஷன் சர்வரில் ஏதாவது விழுந்தால் யார் எழுந்து பார்ப்பார்கள் என்று மட்டும் யோசித்தேன். அது என் வேலை இல்லை என்று உறைக்க இரண்டு நாள் ஆனது.

வீட்டில் சொல்லவில்லை. முதலில், அடுத்த வேலை கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு, சொல்லாமல் விட்ட நாட்களுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே என்ற தயக்கம். பொய்க்கும் வட்டி ஏறுகிறது.

தினமும் காலை எட்டு மணிக்குத் தோளில் பையை மாட்டிக்கொண்டு இறங்குவேன். பைக்குள் ஒரு குடை, தண்ணீர் பாட்டில், என்னுடைய பழைய லேப்டாப். கஞ்சிக் கடையில் அரை மணி நேரம், பிறகு பொது நூலகம், சாயங்காலம் வீடு. தனியாக இருக்கிறவன் யாருக்காகப் பையை மாட்டிக்கொண்டு போக வேண்டும்? பதில் தெரியாது. வீட்டிலேயே கிடந்தால் எழுந்திருக்கவே மாட்டேன் என்று பயமாக இருந்தது.

*

அந்தக் கடையில் இரண்டே விஷயங்கள்தான் முக்கியம். ஒன்று கஞ்சி. கான்டனீஸில் ஜூக். இன்னொன்று ச்சியோங் ஃபன். மற்ற எல்லாம் இவை இரண்டுக்கும் துணை.

ச்சியோங் என்றால் குடல். சுருட்டி வைத்தால் பன்றிக் குடல் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். பெயரைக் கேட்டு ஓடிவிட வேண்டாம், உள்ளே இருப்பது அரிசி மாவு. நம் வீடுகளில் இலை வடகம் போடும்போது, ஆவியில் வெந்த வடகத்தைக் காயவைப்பதற்கு முன்பே உரித்து வாயில் போட்டுக்கொள்வோமே, அதேதான். கொஞ்சம் பெரிது, கொஞ்சம் மெலிது. அரிசியை ஊறவைத்துப் பால் போல அரைத்து, வேறு மாவுகள் சிறிது கலந்து, தட்டில் மெல்லிசாக ஊற்றி ஆவியில் வைக்கிறார்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். வழித்துச் சுருட்டி, வெட்டித் தட்டில் போட்டு, மேலே சோயா சாஸ். எதுவும் வைக்காமல் வெறுமனே சுருட்டியதைக் கத்தரிக்கோலால் துண்டு போட்டு, எள் விழுது, இனிப்பு சாஸ், மிளகாய் சாஸ், வறுத்த எள் எல்லாம் கலந்து தருவார்கள். நடைபாதையில் நின்றுகொண்டு மூங்கில் குச்சியால் குத்திச் சாப்பிடுகிறவர்களைப் பார்க்கலாம். இறால், மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி வைத்துச் சுருட்டுவதும் உண்டு.

பெரும்பாலான இடங்களில் இப்போது ஸ்டீல் தட்டுதான். மேஜை இழுப்பறை போல இழுத்து, மாவை ஊற்றி, உள்ளே தள்ளிவிடுவார்கள். எங்கள் கடையில் பழைய முறை. ஆவி வரும் பெட்டியின் மேல் வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் மாவை ஊற்றுவார்கள். வெந்ததும் துணியோடு தூக்கி, எண்ணெய் தடவிய மேடையில் கவிழ்த்து, துணியை ஓரத்திலிருந்து உரித்து எடுப்பார்கள். துணி போய்விடும், துணியின் தடம் மட்டும் அரிசியில் நிற்கும். கான்டனீஸில் இதற்குத் துணியை இழுத்து எடுக்கும் ச்சியோங் ஃபன் என்றே பெயர். துணி போட்டு இட்லி ஊற்றும் ஊர்க்காரனுக்கு இதைப் புரிந்துகொள்ள மொழி தேவைப்படவில்லை.

கஞ்சி வேறு கதை. ஒரு பங்கு அரிசிக்குப் பத்துப் பங்குக்கு மேலேயே தண்ணீர். நேரக்கணக்கில் கொதிக்க விட்டுக் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். பருக்கை உடைந்து, பூத்து, கடைசியில் தண்ணீர் எது, அரிசி எது என்று பிரிக்க முடியாத பக்குவம் வரும். நம் ஊர்க் கஞ்சியில் பருக்கை அடியில் நிற்கும், தண்ணீர் மேலே நிற்கும். கும்பாவைச் சாய்த்துத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சோற்றை அள்ளுவோம். இங்கே அந்தப் பிரிவினை இருக்கக் கூடாது. பிரிந்து நின்றால் நல்ல கஞ்சி இல்லை.

அதில் பதப்படுத்திய கருப்பு முட்டையும் பன்றி இறைச்சியும் போட்டது, மீன் போட்டது, வேர்க்கடலை போட்டது என்று வகைகள். எதுவும் போடாத வெள்ளைக் கஞ்சியும் உண்டு. அதோடு தொட்டுக்கொள்ள முழங்கை நீளத்துக்கு மொறுமொறுவென்று பொரித்த மாவு. யாவ் ஜா க்வாய், அதாவது எண்ணெயில் பொரித்த பேய். அதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். 1142இல் யுவே ஃபேய் என்ற தளபதியைப் பொய்க் குற்றம் சாட்டிக் கொன்ற அமைச்சர் சின் ஹுய். அந்த அமைச்சரையும் அவர் மனைவியையும் ஒன்றாக ஒட்டி எண்ணெயில் போட்டு ஜனங்கள் பழிதீர்த்துக்கொண்டார்களாம். அதனால்தான் அது இன்றைக்கும் இரண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தப் பேயையே ச்சியோங் ஃபன்னுக்குள் வைத்துச் சுருட்டினால் அது ஜா லியோங். வெளியே வழவழப்பு, உள்ளே மொறுமொறுப்பு. மாவுக்குள் மாவு. சர்க்கரை வியாதிக்காரர்கள் பார்க்கக் கூடாத பண்டம்.

இந்தக் கடைகளில் பேச்சு குறைவு. மேஜை உங்களுடையது இல்லை. காலியாக இருக்கும் ஸ்டூலில் யாருக்கு எதிரிலும் உட்காரலாம். சூடான டீயை ஊற்றிக் கரண்டியை நீங்களே அலசிக்கொள்ளலாம். கஞ்சி வரும், குடிப்பீர்கள், எழுந்து போவீர்கள். கோட் போட்ட வங்கிக்காரர், குப்பை அள்ளும் பாட்டி, பள்ளிச் சீருடையில் ஒரு பெண், நான். எல்லோருக்கும் அதே பீங்கான் கிண்ணம். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. வேலை போனவனுக்கு அது பெரிய வசதி.

*

நான் முதன்முதலில் அந்தக் கடைக்குள் போனதற்குப் பசி காரணமில்லை. ஒரு சொல்தான் காரணம். பெயர்ப் பலகையில் பெரிய சீன எழுத்துகள், கீழே சின்னதாக ஆங்கிலத்தில் 'காஞ்ஜி'. ஊரை விட்டு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நடந்து போய்க்கொண்டிருந்தவன் நின்றுவிட்டேன்.

அது நம் கஞ்சிதான். போர்ச்சுகீசியர்கள் நம் கடற்கரைகளில் கேட்டு எடுத்துக்கொண்டு போன சொல். 1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் மருந்துச் செடிகள் பற்றிய புத்தகத்திலேயே அது வந்துவிட்டது, நோயாளிக்குக் கொடுக்கும் அரிசித் தண்ணீர் என்ற பொருளில். போர்ச்சுகலில் இன்றும் உடம்பு சரியில்லாதவர்களுக்குக் கோழியும் அரிசியும் போட்டு வைக்கும் சூப்புக்குக் கான்ஜா என்று பெயர். ஆங்கிலேயர்கள் அந்தச் சொல்லைக் கிழக்கே கொண்டுபோய், சீனர்கள் தங்கள் சொந்தப் பெயர் சொல்லிக் குடித்துக்கொண்டிருந்த கிண்ணத்தின் மேல் ஒட்டிவிட்டார்கள். கான்டனீஸ்காரர்களுக்கு இந்தச் சொல் தேவையே இல்லை. அவர்களுடைய எழுத்தில் நடுவே அரிசி, இரண்டு பக்கமும் வில். அரிசிக்கு இரண்டு காவல்காரர்கள் நிற்பது போல. பலகையில் அந்த எழுத்தைத்தான் நான் முதலில் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

சொல் நம்முடையது என்று கொஞ்ச நாள் பெருமையாகத் திரிந்தேன். ஆபீஸில் சீன நண்பர்களிடம்கூடச் சொன்னேன். ஒருத்தி கேட்டாள்: "அப்படியென்றால் உங்கள் ஊரில் காலையில் எல்லோரும் கஞ்சி குடிப்பீர்களா?"

நான் இல்லை என்றேன். ஏன் என்று அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல வரவில்லை. நோன்பு மாதத்தில் பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் வரும் கஞ்சிக்காகக் காத்திருப்போம் என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை.

தமிழில் கஞ்சி என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். கஞ்சிக்கு வழியில்லாதவன். கஞ்சித்தொட்டி. கடைசி காலத்துல கஞ்சி ஊத்த ஒரு பிள்ளை. காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி. இன்னொரு பக்கம், கஞ்சி போட்ட வேட்டி, கஞ்சி போட்ட சட்டை. சட்டையில் ஏறினால் கௌரவம், வயிற்றில் இறங்கினால் கேவலம்.

எங்கள் வீட்டில் கஞ்சி சட்டைக்கு மட்டும்தான்.

*

அப்பா மின்வாரியத்தில் கிளார்க்காக இருந்தவர். 1982இல் சேர்ந்து 2018இல் ஓய்வு பெற்றார். முப்பத்தாறு வருடமும் ஆபீசுக்குக் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. ஞாயிற்றுக்கிழமை அம்மா கஞ்சி வடிப்பாள், ஆறு சட்டையை முக்கி எடுப்பாள், கொடியில் காயும் சட்டைகள் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். மீந்த கஞ்சி வாய்க்காலுக்குப் போகும். சின்ன வயதில் ஒருமுறை அதில் உப்புப் போட்டுக் குடிக்கட்டுமா என்று கேட்டேன். அப்பா அடிக்கிற ஆள் இல்லை. அன்றைக்குக் கையை ஓங்கிவிட்டார்.

அவர் அருப்புக்கோட்டையில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தாத்தா தறிக்குழியில் உட்கார்ந்து நெய்து கொண்டிருந்தது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. அந்தக் காலத்தைப் பற்றி அப்பா பேச மாட்டார். கேட்டால், "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்பார். உடம்புக்கு முடியாமல் போனால் மட்டும் கஞ்சி குடிப்பார், அதுவும் டாக்டர் சொன்னால். அப்படிக் குடிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்வார்.

அவருக்கு 2024 ஜனவரிக்கு டிக்கெட் போட்டது, எனக்கு வேலை இருந்தபோது. அக்காவுக்குப் பேறுகாலம் என்பதால் அம்மா வரவில்லை. நம் பாஸ்போர்ட்டுக்கு இணையத்தில் பதிந்துகொண்டு பதினான்கு நாள் தங்கலாம். டிக்கெட்டை ரத்து செய்ய ஒரு காரணம் வேண்டும். என்னிடம் இருந்தது ஒரே காரணம், அதைச் சொல்ல முடியாது. பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் அப்பா வந்து இறங்கினார். சாத்தூர் சேவு இரண்டு கிலோ, பருப்புப் பொடி, மோர் மிளகாய், எனக்கு ஒரு ஸ்வெட்டர். ஆறு மாடியை மூன்று இடத்தில் நின்று ஏறினார். முந்நூறு சதுர அடி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சுத்தமா வச்சிருக்க" என்றார்.

லீவு போட்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் சுலபமான பொய். ஆனால் நாள் முழுக்க அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். "லீவு கிடைக்கலப்பா, சனி ஞாயிறு சுத்திப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு மறுநாளும் எட்டு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அப்பா ஜன்னலில் நின்று பார்த்தார். அதனால் கஞ்சிக் கடைக்குத் திரும்பும் திருப்பத்தைத் தாண்டி ரயில் நிலையம் வரைக்கும் நடந்து, வேறு தெரு வழியாகத் திரும்பி வந்தேன். முப்பத்து நான்கு வயதில்.

முதல் சனிக்கிழமை வெளியே சாப்பிடக் கூப்பிட்டேன். மெனுவில் விலையைப் பார்த்தார். வெள்ளைக் கஞ்சி பதினான்கு டாலர். மனசுக்குள் பெருக்கினார்.

"நூத்தம்பது ரூவாயா? கஞ்சிக்கா?"

"இங்க இது சீப்புப்பா."

"கடல் தாண்டி வந்து கஞ்சி குடிக்கவா என்னைக் கூட்டியாந்த?" என்று எழுந்துவிட்டார். அன்று சேவும் வாழைப்பழமும்தான்.

பகலில் அவர் தனியாக நடக்க ஆரம்பித்தார். ஷாம் ஷூய் போ ஹாங்காங்கின் துணிப் பேட்டை. கீ லுங் தெருவில் கடைக்குக் கடை துணிச் சுருள்கள். இராத்திரி எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, எந்தக் கடையில் என்ன துணி, எத்தனையாம் நம்பர் நூலாக இருக்கும் என்று சொல்லுவார். அவ்வளவு தெரியுமா இவருக்கு என்று எனக்கு ஆச்சரியம். ஒரு சாயங்காலம் இருவருமாக நடந்துகொண்டிருந்தபோது நடைபாதையில் நீளமாக ஒரு வரிசை. வயதானவர்கள், கையில் துணிப் பை.

"ரேஷன் கடையா?"

"இல்லப்பா. சாப்பாட்டுப் பொட்டலம் சும்மா குடுக்குறாங்க. இந்த ஏரியாவுல கஷ்டப்படுறவங்க ஜாஸ்தி."

அப்பா நின்றுவிட்டார். வரிசையில் நின்றவர்கள் முகத்தைத் தாழ்த்திக்கொண்டிருந்தார்கள். அவரும் உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். வீடு வரும் வரைக்கும் பேசவில்லை.

*

ஆறாவது நாள் காலை நான் பையை எடுத்ததும் அவரும் செருப்பை மாட்டினார்.

"நானும் கீழ வரைக்கும் வர்றேன்."

இருவரும் இறங்கினோம். கடை வாசலில் ஆவி. அன்று குளிர் அதிகம். அப்பா தானாகவே நின்றார். "ஏதாச்சும் சாப்ட்டுட்டுப் போ" என்றார். நான் மறுக்க வாய் திறப்பதற்குள் கடைக்கார அம்மாள் என்னைப் பார்த்துவிட்டாள். எப்போதும் உட்காரும் மூலை ஸ்டூலை நோக்கி முகவாயால் காட்டினாள். நாங்கள் உட்காருவதற்கும் வெள்ளைக் கஞ்சி ஒன்றும் எள் போட்ட ச்சியோங் ஃபன் ஒன்றும் வந்து விழுவதற்கும் சரியாக இருந்தது. நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் ஒரு கஞ்சி வேண்டும் என்று விரல் காட்டினேன். தடுக்கவில்லை.

அவர் பார்வை வாசல் அடுப்பில் இருந்தது. அங்கே கடைக்காரர் துணியைப் பிழிந்து விரித்து, மாவை ஊற்றி, மூடி, திறந்து, துணியைத் தூக்கிக் கவிழ்த்து உரித்துக்கொண்டிருந்தார். அப்பா எழுந்து அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். வேலையை மறைக்காமல் கொஞ்சம் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. நாலைந்து துணி உரிகிற வரைக்கும் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது.

"அந்தத் துணியைப் பாத்தியா? ஈரத்துல எப்படி நிக்குது. கஞ்சி குடிச்ச துணிடா அது."

பிறகு, நான் கேட்காமலே, சொல்ல ஆரம்பித்தார்.

"பாவுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? தறியில நீளவாட்டுல ஓடுற நூலு. அதுக்குக் கஞ்சி போடணும். விடியக்கருக்கல்ல பாவைத் தூக்கிட்டுத் தெருவுக்கு வந்துருவோம். தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிருவாக. உங்க அப்பத்தா ராத்திரியே அரிசிக் கஞ்சி காய்ச்சி வச்சிருக்கும். அதைப் பாவு மேல தெளிச்சுப் பெரிய பிரஷ்ஷை வச்சு இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் இழுப்பாக. வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும். கஞ்சி சரியா ஏறலன்னா நூலு தறியில நிக்காது. பொசுக்கு பொசுக்குனு அந்து போகும்."

கஞ்சி வந்தது. அவர் தொடவில்லை.

"மூணு படி அரிசி எலக்‌ஷன் வருசம். எனக்கு ஏழு வயசு. அரிசியே கெடைக்காது. கெடைக்கிறதுல முதப் பங்கு பாவுக்கு. பாவுக்குக் காய்ச்சினதுல கை வைக்கக் கூடாது. வயித்துக்கு இல்லன்னாலும் பாவுக்கு இருக்கணும், அப்பத்தான நாளைக்குக் கூலி. வேலை இல்லாத நாள்ல கஞ்சித்தொட்டி. தூக்குவாளியோட என்னையத்தான் அனுப்புவாக. பள்ளிக்கூடத்துப் பயலுக பாத்துறக் கூடாதுன்னு சந்து வழியாப் போயி சந்து வழியா வருவேன்."

ரயில் நிலையம் வரைக்கும் நடந்துவிட்டு வேறு தெருவில் திரும்பி வரும் என் வழி நினைவுக்கு வந்தது. தலை நிமிரவில்லை.

"ஒரு நா ராத்திரி பசி தாங்கல. எந்திரிச்சுப் போயி பாவுக்கு வச்சிருந்த கஞ்சியில ஒரு கும்பா எடுத்துக் குடிச்சுட்டேன். உப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. கொறஞ்சது தெரியக் கூடாதுன்னு தண்ணியை ஊத்தி வச்சேன். அந்தப் பாவு தறியில ஏறினதும் அந்துச்சு. ஒரு எடத்துல இல்ல, எடத்துக்கு எடம். எங்கய்யா முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு, ஒரு வாரத்து வேலை மூணு வாரம் ஆச்சு. மொதலாளி கூலியைப் பாதியாக் கொறைச்சுட்டான். எங்கய்யா நூலு சரியில்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நூலு நல்ல நூலுதான்."

கடைக்குள் கிண்ணங்கள் மோதும் சத்தம். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் பேப்பரைத் திருப்பினார்.

"யார்ட்டயும் சொன்னதில்ல. எங்கய்யா சாகுற வரைக்கும் சொல்லல. உங்கம்மாவுக்கும் தெரியாது."

அம்பத்தேழு வருடம். நான் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன்.

அப்பா கரண்டியை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார். "உப்புப் போட்டுருக்கான்" என்றார். இன்னொரு வாய். "ஒரு மோர் மொளகா இருந்தா நல்லாருக்கும்."

பாதிக் கிண்ணம் ஆன பிறகு, தலையைத் தூக்காமலே சொன்னார்.

"மணி ஒம்பதரை ஆச்சு. நீ ஒருக்கா கூட மணி பாக்கல."

நான் பேசவில்லை.

"போன வருசம் நீ ஊருக்கு வந்தப்ப தூங்க விடாம உன் போன் அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. தீவாளியன்னைக்கிக் கூட மொட்டை மாடியில நின்னு பேசிக்கிட்டிருந்த. நான் வந்து ஆறு நாளாச்சு. ஒரு தடவை கூட அடிக்கல."

எனக்குத் தொண்டை அடைத்தது. கஞ்சிகூட இறங்கவில்லை.

"எம்புட்டு நாளாச்சு?"

"ரெண்டு மாசம்பா."

"யார்ட்ட சொன்ன?"

"யார்ட்டயும் சொல்லல."

தலையை ஆட்டினார். கோபம் இல்லை. அந்த ஒரு கும்பாக் கஞ்சியைப் பற்றிப் பேசும்போது இருந்த அதே முகம்.

"கஞ்சிக்கு வழி இருக்குல்ல?"

கிண்ணத்தைப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். எதிர்ப் பெரியவர் பேப்பருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இருக்குப்பா. விசா ஜூன் வரைக்கும் இருக்கு. காசும் அதுவரைக்கும் தாங்கும்."

அப்பா மேஜையில் இருந்த காகித நாப்கினை இழுத்தார். சட்டைப் பையிலிருந்து பேனா. வாடகை எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, ஊருக்கு அனுப்புவது எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு எழுதினார். ஊருக்கு அனுப்புவதை ஒரே கோட்டில் அடித்தார். நான் வேண்டாம் என்றதும், "பென்சன் வருதுல்ல" என்றார். முப்பத்தாறு வருடம் பேரேடு எழுதிய கை. கூட்டி, கழித்து, அடியில் இரண்டு கோடு போட்டு என் பக்கம் தள்ளினார். ஜூன் என்று நான் நினைத்தது ஆகஸ்ட் வரைக்கும் வந்தது.

"எங்கய்யாவுக்குத் தறி நின்னா கையில ஒரு வாரம் தாங்காது" என்றார். "உனக்கு ஏழு மாசம் இருக்கு. நீ என்னத்துக்குச் சந்து வழியாப் போற?"

*

பில்லை அவர்தான் கொடுத்தார். விமான நிலையத்தில் மாற்றி, மடித்து உள்பையில் வைத்திருந்த நோட்டு. அன்று நூலகத்துக்குப் போகவில்லை. கீ லுங் தெருவில் நடந்தோம். ஒரு கடையில் மடிப்புக் கலையாமல் விறைத்து நின்ற பருத்தித் துணியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "முழுக்கக் கஞ்சி. ஒரு தண்ணி விட்டா துவண்டு போகும்" என்று தமிழிலேயே கடைக்காரரிடம் சொன்னார். கடைக்காரர் விலையைக் குறைத்துக் கால்குலேட்டரில் காட்டினார்.

மறுநாள் எட்டு மணிக்கு நான் பையை எடுக்கவில்லை. அப்பாவின் கையில் ஒரு பொட்டலம். கடையில் உட்கார்ந்ததும் பிரித்தார், வறுத்த மோர் மிளகாய். மீதியிருந்த எட்டு நாளும் அங்கேதான் காலைச் சாப்பாடு. கடைசி வரைக்கும் ச்சியோங் ஃபன் அவருக்குப் பிடிக்கவில்லை. "வடகத்தைக் காய வைக்காமயே குடுத்துடுறான்" என்பார். ஆனால் துணி உரிப்பதைப் பார்க்கிற மாதிரித்தான் தினமும் உட்காருவார்.

ஏப்ரலில் சென்னையில் வேலை கிடைத்தது, சம்பளம் குறைவு. மே மாதம் வீட்டைக் காலி செய்துகொண்டு வந்துவிட்டேன். அந்த நாப்கின் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அப்பா ஊர் திரும்பிய அன்று இரவு அம்மா போன் பண்ணினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"அங்க என்னடா சாப்ட்டீங்கன்னு கேட்டா கஞ்சிங்கிறாரு. தெனமும் கஞ்சியாம். உங்கப்பாவாடா? உடம்புக்கு எதுவும் முடியாமப் போச்சா? எங்கிட்ட மறைக்காத."

"நல்லாத்தாம்மா இருந்தாரு" என்றேன்.

வேலை போனதைப் பற்றி அவர் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அதை நான்தான் சொன்னேன். ஒரு கும்பாக் கஞ்சியைப் பற்றி அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். ஊர்ப் பக்கம் யாரும் படிக்காத இடம் என்ற தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்.